தைக்கு முன் அந்தச் சுவர் காயுமா?

வாசகர் கேள்வி:

"வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் எங்கள் வீடு. மாமனார் 1964இல் கட்டியது, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். ஹோல் சுவரில் நிலத்திலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளித்து உதிர்ந்தது. உள்ளே வெள்ளைத் தூள். சென்ற வருடம் மேசன் அந்தப் பகுதியைக் கொத்திவிட்டு, வோட்டர்ப்ரூஃப் கலந்த சீமெந்தால் பூசித் தந்தார். ஆறு மாதம் நன்றாக இருந்தது. இப்போது புதுப் பூச்சுக்கு மேலே, நாலடியில் தொடங்கிவிட்டது. குளியலறைப் பக்க மூலையில் இன்னும் மோசம். இனி ஐந்தடிக்கு டைல்ஸ் ஒட்டுவதுதான் வழி என்கிறார். மூன்று வருடத்துக்கு முன் கட்டிய மேல்மாடி அறையிலோ சுவர் முழுக்க மெல்லிய மெல்லிய வெடிப்புகள். யன்னல் மூலையில் ஒன்று சரிவாகப் போகிறது. தையில் மகளுக்குக் கலியாணம். பொன்னுருக்கு வீட்டில்தான். அதற்குள் எல்லாம் சரியாக வேண்டும். மற்றது, பக்க ஒழுங்கையில் புல் முளைக்கிறதென்று சில வருடங்களுக்கு முன் சீமெந்து போட்டோம். அதனால் ஏதும் வருமா?"

– ஓய்வுபெற்ற ஆசிரியை, கொழும்பு 6

வணக்கம் டீச்சர்.

கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்களே, ஒழுங்கைச் சீமெந்து பற்றி, நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு முன் ஒன்று: டைல்ஸுக்கு முற்பணம் கொடுக்கவில்லையென்றால் கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டீர்களென்றால், அந்தக் காசை மேல்மாடி வேலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

அந்தக் காலத்தில் ஒழுங்காகக் கட்டிய வீடுகளில் அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் தார் பூசி மணல் தூவிய ஒரு படையோ, சீமெந்து தூக்கலாகப் போட்ட ஒரு படையோ இருக்கும். மேசன்மார் டீ.பீ.சீ. என்பார்கள். நிலத்தின் ஈரம் செங்கல் வழியே மேலேறாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அநேகமாக வீட்டின் உள் தரை மட்டத்துக்குச் சரியாகவோ சற்றுக் கீழாகவோ அது போகும். வெளி நிலம் அதற்கு ஆறு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். அப்படி இருக்கும்வரை கல் நனைந்தாலும் படைக்குக் கீழேதான் நனையும்.

இப்போது ஒழுங்கையை நினைத்துப் பாருங்கள். முதலில் வெறும் மண். பிறகு சல்லிக்கல். அதன்மேல் சீமெந்து. அது வெடித்ததும் அதை உடைக்காமல் அதன்மேலேயே இன்னொரு தரம். கொழும்பில் எந்தப் பக்க ஒழுங்கையைக் கொத்திப் பார்த்தாலும் இப்படி இரண்டு மூன்று படை வரும். வெளி மட்டம் மெல்ல மெல்ல உயர்ந்து, ஒருநாள் டீ.பீ.சீ.யைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு அந்தப் படை இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மழைத்தண்ணீர் சீமெந்துக்கும் சுவருக்கும் நடுவில் இறங்கி, படைக்கு மேலே உள்ள கல்லுக்கு நேரே போகிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கல் அதை மேலே இழுக்கிறது. கொழும்பில் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 2400 மில்லிமீற்றர் மழை. இழுப்பதற்குத் தண்ணீர் குறையாது.

உங்கள் வீட்டில் இதுதான் நடந்திருக்கிறதா என்று அரை மணித்தியாலத்தில் பார்த்துவிடலாம். உள்ளே தெரியும்படியான பிளாஸ்டிக் குழாய் இருபது முப்பது அடிக்கு வாங்கித் தண்ணீர் நிரப்புங்கள். நடுவில் காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. ஒரு நுனியை ஹோலில் சுவரோரம் பிடித்து, மற்ற நுனியைக் கதவு வழியாக ஒழுங்கைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து உள்ளே தரை எத்தனை அங்குலம் கீழே, வெளியே சீமெந்து எத்தனை அங்குலம் கீழே என்று அளந்து கழியுங்கள். வெளி அளவு உள் அளவை விட ஆறு அங்குலமாவது கூடுதலாக வர வேண்டும். இரண்டும் சமமாக வந்தாலோ, வெளியே உயர்ந்திருந்தாலோ, சென்ற வருடப் பூச்சு ஏன் நிற்கவில்லை என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

மீதிப் பாதி அந்தப் பூச்சுதான். மேசனைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. கொழும்பில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள், வீட்டுக்காரர்களும் கேட்டு வாங்குகிறார்கள். ஈரச் சுவர் தன் தண்ணீரை எங்காவது விட்டாக வேண்டும். முன்பு மூன்றடிக்குள் பூச்சு வழியாகக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது. அந்த வாசலை வோட்டர்ப்ரூஃப் சீமெந்தால் அடைத்தீர்கள். தண்ணீர் நிற்கவில்லை, அடைப்புக்கு மேலே ஏறி அங்கே வெளியேறுகிறது. நாலடியில் தொடங்கியது அதனால்தான். ஐந்தடிக்கு டைல்ஸ் ஒட்டினால் ஆறடியில் தொடங்கும். அதுவும் டைல்ஸ் ஒன்றிரண்டு கழன்று விழுந்த பிறகு.

வெள்ளைத் தூள் உப்பு. செங்கல்லிலும் மணலிலும் சீமெந்திலும் நிலத்திலும் உள்ள உப்புகளைத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும் இடத்தில் உப்பு மட்டும் நின்று, படிகமாகி, பெயின்ட்டையும் பூச்சின் மேல்தோலையும் உள்ளிருந்து தள்ளுகிறது. கடலோரத்தில் அதில் சாதாரணக் கறியுப்பும் சேர்ந்திருக்கும். இந்த உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரையும். கொழும்பில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதைத் தாண்டித்தான் நிற்கிறது. ஆகவே நாளைக்கே நிலத்தின் ஈரத்தை முற்றாக நிறுத்தினாலும், உப்பேறிய பழைய பூச்சு சுவரில் இருக்கும்வரை மழைக்காலத்தில் அது வியர்க்கும். உதிர்ந்த இடத்தைச் சுரண்டி ஃபில்லர் வைத்துப் பெயின்ட் அடிப்பதில் பிரயோசனமே இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். உப்பேறிய பூச்சு போக வேண்டும்.

குளியலறை மூலைக்கு வருவோம். ஒழுங்கைப் பக்கச் சுவரில் ஈரம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நீளமாக ஓடியிருக்க, அந்த மூலையில் மட்டும் அது மேலே கிளம்பியிருந்தால் அங்கே இரண்டாவது ஊற்று ஒன்று இருக்கிறது. ஷவர் குழாய் சுவருக்குள் போகும் உயரமும் கிட்டத்தட்ட அதுதான். டைல்ஸை உடைக்க முன் செலவில்லாத சோதனை ஒன்று செய்யுங்கள்.

பலர் தண்ணீர் மீற்றரைப் பார்த்துவிட்டு "ஓடவில்லை, லீக் இல்லை" என்று இருந்துவிடுகிறார்கள். கொழும்பு வீடுகளில் மீற்றரிலிருந்து கூரைத் தாங்கி வரைக்கும் உள்ள குழாயைத்தான் அது காட்டும். குளியலறைக் குழாய்கள் தாங்கிக்குப் பிறகு வருகின்றன. எனவே இரவு எல்லோரும் படுத்த பிறகு, தாங்கிக்குள் தண்ணீர் வரும் வால்வைப் பூட்டுங்கள். மூடியைத் திறந்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் உட்புறம் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். தாங்கி கறுப்பாக இருந்தால் சோக். காலையில் யாரும் குழாயைத் திறக்க முன், கொமட் ஃபிளஷ் பண்ண முன், போய்ப் பாருங்கள். கோட்டிலிருந்து தண்ணீர் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. கொமட் சிஸ்டனும் கள்ளமாக ஒழுகக்கூடும் என்பதால், இறங்கியிருந்தால் அடுத்த இரவு சிஸ்டன் வால்வையும் பூட்டிவிட்டு இன்னொரு தரம் பாருங்கள். இரண்டாம் தரமும் இறங்கினால் சுவருக்குள் உள்ள குழாய்மேல்தான் சந்தேகம். இறங்கவே இல்லையென்றால், ஓட்டை குழாயில் இல்லை, குளியலறைத் தரையிலோ கழிவுக் குழாயைச் சுற்றியோ இருக்கும். தரையின் வடிகாலைத் துணியால் இறுக அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கொஞ்சம் துணிநீலம் கலந்துவிட்டால் எந்தப் பக்கமாக வருகிறது என்பதும் தெரியும். ஹோல் பக்கம் கொத்திய பிறகு இதைச் செய்தால் இன்னும் நல்லது, செங்கல்லில் நிறம் நேரே தெரியும்.

ஊற்றுகளை அடைக்கும் வேலையில் ஒழுங்கைதான் முதல், அதுவும் ஐப்பசி மழை இறுக முன். சீமெந்து முழுவதையும் உடைக்கத் தேவையில்லை. சுவரோரமாக ஓரடி அகலத்துக்குக் கட்டரால் வெட்டி எடுத்து, உள்தரை மட்டத்துக்கு ஒன்பது அங்குலம் கீழே வரை மண்ணை அகற்றிவிட்டு, முக்கால் அங்குலக் கருங்கல்லால் மூன்று அங்குலம் நிரப்புங்கள். மேலே சீமெந்து பூச வேண்டாம், திறந்தே இருக்கட்டும். அதைவிட ஆழமாகத் தோண்ட விடாதீர்கள், அத்திவாரம் இருக்கிறது. அந்தக் கான் தண்ணீர் தேங்காமல் முன்பக்க வடிகாலுக்கு ஓடும்படி சாய்வு வேண்டும். கூரைப் பீலியின் குழாய் அங்கே கொட்டினால் அதை நீட்டித் தூரக் கொண்டுபோங்கள். புல் முளைக்கும்தான். மாதம் ஒருதரம் பிடுங்குவது டைல்ஸை விட மலிவு.

டீ.பீ.சீ. இருக்கிறதா என்பது கான் வெட்டும்போது சுவரோரம் பார்த்தால் தெரியும், தார்ப் படையென்றால் கறுப்புக் கோடாக இருக்கும். இல்லையென்றால் சுவரில் வரிசையாகத் துளை போட்டு ஈரத்தைத் தள்ளும் மருந்து ஏற்றுகிற முறை இருக்கிறது, செங்கல் சுவருக்கு அது சரிவரும். கபுக் கல் (செம்பாறாங்கல்) சுவருக்கு நான் சிபாரிசு செய்வதில்லை, மருந்து எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. எதுவானாலும் முதலில் வெளி மட்டத்தைக் குறைத்து ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுத்தான் அந்தச் செலவு. மருந்துக்காரர் இந்த ஒழுங்கை கழுத்து வரை நிற்கும்போதே துளை போட வருவார், விடாதீர்கள்.

உள்ளே, ஈரம் தெரியும் எல்லைக்கு மேலே ஓரடி வரை பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். உங்கள் கணக்கில் ஐந்தடி, மூலையில் ஆறடியும் ஆகலாம். சென்ற வருட வோட்டர்ப்ரூஃப் பூச்சு முழுவதும் போக வேண்டும். கல்லிடுக்குச் சாந்தை அரை அங்குல ஆழத்துக்குக் கிளறச் சொல்லுங்கள். கொத்திய கழிவை அன்றைக்கே வெளியேற்றுங்கள். சலித்து மறுபடி சாந்துக்குக் கலப்பவர்களும் இருக்கிறார்கள், அது உப்பைத் திரும்பக் கொண்டுவந்து சுவரில் அப்புவது. பிறகு சுவரைத் தண்ணீர் அடித்துக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு உள்ளே போய்விடும். காய்ந்த தும்புத் தூரிகையால் கிழமைக்கு ஒருதரம் துடைத்து, விழும் தூளைக் கூட்டி வெளியே எறியுங்கள்.

இப்போது தை மாதம். ஈரமேறிய செங்கல் சுவர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் காயும் என்பது தொழிலில் உள்ள பொதுவான கணக்கு. உங்கள் சுவர் ஒன்பது அங்குலம். நடுவில் ஐப்பசி, கார்த்திகை. தைக்குள் அது முழுக்கக் காயாது டீச்சர். காயும் என்று எழுதினால் பொய். "பத்து நாளில் முடித்துத் தருகிறேன்" என்று வருபவர் பத்து நாளில் முடிப்பார், அதில் சந்தேகமில்லை. சித்திரை வருடப் பிறப்புக்கு மறுபடி உதிரும்.

ஆனால் பொன்னுருக்குக்குச் சுவர் வெறும் செங்கல்லாக நிற்கத் தேவையில்லை. இப்போதே கொத்திவிட்டு, மார்கழி நடுப்பகுதி வரை ஃபான் போட்டு, யன்னலைத் திறந்து காய விடுங்கள். அப்புறம் ஒரு தற்காலிகப் பூச்சு: ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு சுண்ணாம்பு, ஒன்பது பங்கு மணல். அரை அங்குலக் கனம் போதும், வோட்டர்ப்ரூஃப் எதுவும் கலக்கக் கூடாது. இது பலம் குறைந்த பூச்சு, அப்படித்தான் இருக்க வேண்டும். சுவரின் ஈரம் இதன் வழியே மூச்சுவிட்டு வெளியேறும், மிச்ச உப்பையும் இது உறிஞ்சிக்கொள்ளும். அதன்மேல் பெயின்ட் அல்ல, சுண்ணாம்பு. இரண்டு மூன்று தரம் மெல்லிதாக வெள்ளையடித்தால், கலியாண வீட்டுக்கு அதைவிட வடிவு வேறென்ன! யாராவது உரசினால் உடுப்பில் ஒட்டும் என்பது மட்டும் உண்மை. அந்தச் சுவரோரம் கதிரைகளைப் போடாமல் வாழைமரமோ பூச்சாடியோ வையுங்கள், ஆட்கள் சாயமாட்டார்கள்.

கலியாணம் முடிந்து ஒரு வருடம் கழித்து அந்தப் பூச்சில் உப்பு பூத்திருந்தால் கொத்தி எறிந்துவிட்டு நிரந்தரப் பூச்சு போடலாம். பூக்காவிட்டால் அப்படியே விட்டுவிடலாம், மேலே பெயின்ட் வேண்டுமென்றால் ஆவி போகக்கூடிய வகை பார்த்து அடிக்கலாம். ஈரம் நின்றுவிட்டதா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தடித்த பொலித்தீனை நாலு ஓரமும் இறுக்கமாகச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பொலித்தீனின் உட்புறம், சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் இன்னும் தண்ணீர். வெளிப்புறம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், சுவர்மேல் பழியில்லை.

இனி மேல்மாடி. இது வேறு கதை, அநேகமாகப் பயப்படத் தேவையில்லாத கதை.

சுவர் முழுக்கக் கோணல்மாணலாக, ஆழமில்லாமல் ஓடும் மெல்லிய வெடிப்புகள் பூச்சின் குணத்தால் வருபவை. சீமெந்து அதிகம், மணல் மிக நைசு அல்லது மண்பற்று உள்ளது, வெயிலுக்குள் பூசித் தண்ணீர் ஊற்றவில்லை. மூன்றில் ஒன்று, பெரும்பாலும் மூன்றும். நல்ல பலமாக இருக்கட்டும் என்று வீட்டுக்காரர் நின்று ஒரு பை சீமெந்தைக் கூடுதலாகப் போடச் சொல்வது வழக்கம். கூடுதல் சீமெந்து கூடுதலாகச் சுருங்கும், கூடுதலாக வெடிக்கும். பூச்சு தன் பின்னால் உள்ள கல்லை விடக் கடினமாக இருக்கக் கூடாது. பூசி முடித்த கையோடு வெறும் சீமெந்தைத் தூவிக் கரண்டியால் பளபளவென்று தேய்ப்பார்களே, மேல்தோல் வெடிப்புக்கு அதைவிடச் சிறந்த வழி கிடையாது.

ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு சுவர் நெடுகத் தட்டிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் பூச்சு இறுக்கமாக, கல்லில் தட்டியதுபோலவே கேட்கும். கல்லை விட்டுக் கழன்று நிற்கும் பூச்சில் டொக் டொக் என்று வெறும் சத்தம் வரும். அந்த இடத்தின் எல்லையைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே போங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டங்களை விட்டுவிடலாம். பெரியவற்றை, அதிலும் கட்டிலுக்கு மேலேயோ கதவுக்கு மேலேயோ இருப்பவற்றை, வெட்டி எடுத்துத்தான் ஆக வேண்டும். கொத்தாமல் கட்டரால் நாலு பக்கமும் சதுரமாக அறுத்துவிட்டு எடுத்தால் பக்கத்துப் பூச்சு அதிராது. வெறும் சத்தமே இல்லாத மெல்லிய வெடிப்புகளுக்கு ஸ்கிம் கோட் என்ற மெல்லிய மேற்பூச்சை இரண்டு தரம் இழுத்துப் பெயின்ட் அடித்தால் போதும்.

நேராக ஓடும் வெடிப்புகள் இருந்தால் அவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். சுவிட்ச் போர்ட்டிலிருந்து நேரே மேலே சீலிங் வரைக்கும் ஒரு கோடு போனால் அது வயரிங் குழாய். சுவரைப் பிளந்து குழாயை வைத்து, மேலே கால் அங்குலச் சாந்தைத் தடவி மூடியிருப்பார்கள். தூணும் கல்லும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு போனால், கொன்கிரீட்டும் சீமெந்துக் கல்லும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிகின்றன, அவ்வளவுதான். இரண்டுக்கும் மருந்து ஒன்று: வெடிப்பின் இரு பக்கமும் நாலு நாலு அங்குலம் பூச்சை எடுத்துவிட்டு, கோழிக்கூட்டு வலையை ஆணி அடித்து இறுக்கி, அதன்மேல் பூசுவது. முதலிலேயே வலை போட்டிருந்தால் இந்த வேலை வந்திராது.

யன்னல் மூலையில் சரிவாகப் போகும் வெடிப்பு எந்த மூலை என்று நீங்கள் எழுதவில்லை. கீழ் மூலையிலிருந்து நிலத்தை நோக்கிப் போனால் அநேகமாகக் கல் காய்ந்து சுருங்கியது. மேல் மூலையிலிருந்து போனால், லின்டல், அதாவது யன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் சட்டம், இரு பக்கமும் சுவரில் ஆறு அங்குலமாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே வெடிப்பு வெளிச் சுவரிலும் அதே இடத்தில் தெரிந்தால் அது பூச்சில் அல்ல, சுவரில்.

அகலத்தை அளக்க உபகரணம் தேவையில்லை. வங்கி அட்டையின் கனம் முக்கால் மில்லிமீற்றர். அதன் விளிம்பு நுழையாத வெடிப்பை வெட்டிச் சுத்தம் செய்து, இழுபடக்கூடிய அக்ரிலிக் ஃபில்லரால் அடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். நுழைந்தால், வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள், கைத்தொலைபேசியில் படமும் எடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் நுனி கோட்டைத் தாண்டிப் போகிறதா, அட்டை இப்போது இரண்டு நுழைகிறதா என்று பாருங்கள். ஐந்து மில்லிமீற்றரைத் தாண்டிய வெடிப்பை மேசனிடம் விட வேண்டாம், பொறியியலாளர் வர வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு நெருடுகிறது. 1964இல் ஒரு மாடிக்கென்று போட்டிருக்கக்கூடிய அத்திவாரத்தின்மேல் மூன்று வருடத்துக்கு முன் அறை கட்டியிருக்கிறீர்கள். யாராவது அதைக் கணக்குப் பார்த்தார்களா? கீழ்மாடியில், அந்த அறைக்கு நேர் கீழேயுள்ள சுவர்களில், கல்லிடுக்கு வழியே படிப்படியாக இறங்கும் வெடிப்பு இருக்கிறதா என்று ஒருதரம் டோர்ச் அடித்துப் பாருங்கள். கதவு புதிதாக இறுகுகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் நிம்மதி. இருந்தால் கலியாணத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டாம்.

வெள்ளவத்தையில் பக்கத்துக் காணியில் தொடர்மாடி எழும்பப்போவதாகப் பேச்சு இருந்தாலும், பைல் அடிக்க முன்னமே உங்கள் வெடிப்புகளின் நிலையைப் பதிந்து வைக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அப்படியான ஆய்வுகளைச் செய்கிறது. பதியாவிட்டால், பிறகு போய் "இது உங்களால் வந்தது" என்று சொல்வதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.

சுவரில் அங்கங்கே சிறு குழிகள், ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைப் பொட்டு, அப்படி ஏதும் கண்டால் அது சரியாக நீற்றாத சுண்ணாம்பு. நம் நாட்டுச் சுண்ணாம்பு பெரும்பாலும் டொலமைட் கல்லிலிருந்து வருகிறது. அதிலுள்ள மக்னீசியம் மிக மெதுவாக நீறும், பூசி மாதக்கணக்கான பிறகும் சுவருக்குள் இருந்து பொங்கித் தெறிக்கும். தற்காலிகப் பூச்சுக்கான சுண்ணாம்பை வாங்கும்போது இதை மனதில் வைத்து, பூச இரண்டு மூன்று கிழமைக்கு முன்னமே தண்ணீரில் ஊறப்போட்டு, துணியாலோ நைசுச் சல்லடையாலோ வடித்து எடுக்கச் சொல்லுங்கள். ஹாட்வெயாரிலிருந்து பையைக் கொண்டுவந்து அன்றைக்கே கலக்க விடாதீர்கள்.

புதிதாகப் பூசும் இடங்களுக்கு: ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல், சுண்ணாம்பும் ஒரு பங்கு சேர்த்தால் வெடிப்பு இன்னும் குறையும். கனம் அரை அங்குலத்துக்கும் முக்கால் அங்குலத்துக்கும் நடுவில். சுவர் கோணலென்று ஒன்றரை அங்குலத்தை ஒரே தரத்தில் அப்பினால் அது தன் பாரத்திலேயே கழன்றுவிடும், இரண்டு நாளாகப் பிரித்துப் பூச வேண்டும். சுவரை முதல் நாள் நனைக்க வேண்டும். கலந்த சாந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தால் எறிய வேண்டும், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து தண்ணீர் ஊற்றிக் கிளறக் கூடாது. பூசிய மறுநாளிலிருந்து ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். மேசன் போய்விடுவார், தெளிப்பது வீட்டில் உள்ளவர்கள் வேலைதான். இந்தத் தண்ணீர் பூச்சு இறுகுவதற்கு. ஹோல் சுவரின் தற்காலிகப் பூச்சுக்கு இரண்டு மூன்று நாள் மெல்லத் தெளித்தால் போதும்.

மணலை வாங்கும்போது ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணலும் மேலே உப்புத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி மூன்று மணித்தியாலம் வையுங்கள். மணலுக்கு மேலே மண் தனிப் படையாகப் படியும். மணலின் உயரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கைத் தாண்டினால் லொறியைத் திருப்பி அனுப்பலாம். கழுவிய கடல் மணல் இப்போது முத்துராஜவெலப் பக்கமிருந்து வருகிறது, கழுவியது என்றால் பயமில்லை. கடற்கரையில் அள்ளியதை யாரும் மலிவாகத் தந்தால் வேண்டாம். அனுமதியில்லாமல் அள்ளுவது குற்றம் என்பது ஒருபுறம், உங்கள் சுவரில் ஏற்கெனவே உப்பு போதும்.

மேல்மாடிப் புதுப் பூச்சுக்கு 28 நாளாவது கழிந்த பிறகுதான் பெயின்ட். சீமெந்தின் காரம் அடங்க முன் அடித்தால் நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும். காரம் தாங்கும் பிரைமர் ஒருதரம், பிறகு எமல்ஷன். அந்த அறையில் ஏசி இருந்து 18இல் ஓடினால் 25க்கு ஏற்றுங்கள். கொழும்புக் காற்றிலுள்ள ஈரம் 24 பாகையளவு குளிர்ந்த சுவரில் பட்டாலே வியர்க்கும். ஏசி அறைக்கு மறுபக்கச் சுவரிலும் அலுமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் பூஞ்சணம் வருவது அப்படித்தான். அலுமாரியைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள்.

வேலை ஒழுங்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கிழமை தாங்கிச் சோதனையும் மட்டக்குழாயும், அடுத்து ஒழுங்கைக் கான், பிறகு ஹோலில் கொத்துவது. அது காயும் மாதங்களில் மேல்மாடி வேலையை முடித்துவிடலாம், மேசனும் சும்மா இருக்கமாட்டார். ஒவ்வொன்றும் முடிய முடியக் காசு கொடுங்கள், மொத்தமாகப் பேச வேண்டாம். தாங்கியில் போட்ட கோட்டிலிருந்து தண்ணீர் எவ்வளவு இறங்கியது, சிஸ்டனைப் பூட்டிய இரவிலும் இறங்கியதா என்று எழுதுங்கள். குளியலறையில் எந்த டைல்ஸை உடைப்பது, உடைக்கத்தான் வேண்டுமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.